ஏரோப்பிளானிலிருந்து கும்பிட்ட மலை

"கன்னிம்மா, இப்ப இன்னா தெரியுது?"

ஏரோப்பிளான் தரையை விட்டு எழும்பி, ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் இதை மூன்று தரம் கேட்டுவிட்டார். அவருக்கு இரண்டு கண்ணையும் சேர்த்துப் பெரிய கட்டாகக் கட்டியிருந்தது. மூக்குக்கு மேலே எல்லாம் பஞ்சும் துணியும்தான். கை மட்டும் என் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் நான்.

என் காதில் பஞ்சு. வாயில் அவர்கள் கொடுத்த புளிப்பு மிட்டாய். பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கட்டுப் போட்டவர் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்கும்போது, கட்டுப் போடாதவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நியாயமாகப் படவில்லை. திறந்தேன்.

விசாகப்பட்டணம் எனக்குக் கீழே இருந்தது.

போன வாரம் சொன்னேனே, அந்த ஊரில்தான் இரண்டு வருஷம் குடித்தனம் செய்தோம் என்று. தெருத் தெருவாக நடந்த ஊர். அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கடல். மற்ற பக்கமெல்லாம் மலை. குளத்தில் இறங்கி எழுந்து கரையில் படுத்துக்கொண்ட எருமைகள் மாதிரி, ஒன்றன் முதுகில் ஒன்று தலை வைத்துக்கொண்டு சிவப்பும் பச்சையுமாகப் படுத்திருந்தன. அதில் ஒரு மலை மட்டும் மூக்கை நீட்டிக் கடல் தண்ணீரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் எங்கள் ஊர், மடியில் கொட்டிய சோழியாகச் சிதறிக் கிடந்தது.

"மலையெல்லாம் தெரியுது பாவா. சுத்திகினு கீது. கடலு அசையவே இல்ல, கோலமாவு தெளிச்ச மாதிரி கரையில மட்டும் வெள்ளையா கோடு போட்டுகினு கீது."

"நம்ம ஷெட்டு?"

துறைமுகத்துத் தண்ணீர் உள்ளே வளைந்து வருகிற இடத்தைத் தேடினேன். தகரக் கூரை ஒன்று பளிச்சென்று மின்னியது.

"தெரியுது. தீப்பெட்டி மாதிரி."

"அந்தத் தீப்பெட்டியாண்டதான் என் கண்ணைக் குடுத்துட்டு வந்தேன்," என்றார். சிரித்தார். கண்ணில் அடிபட்ட மூன்று நாளில் முதல் சிரிப்பு.

குமாஸ்தாவுக்கு வந்த வயிற்றுவலி

நாங்கள் ஏரோப்பிளானில் போகிற ஜாதி இல்லை. பெரிய யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். துறைமுகத்துப் பட்டறையில் இவர் பிட்டர். கப்பல் தகட்டில் துருவைச் சுத்தியால் தட்டும்போது இரும்புச் சில்லு ஒன்று தெறித்து வலது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கடுகில் பாதி இருக்குமாம். அங்கே இருந்த டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இரும்பு உள்ளேயே தங்கினால் அந்தக் கண் போகும். கொஞ்ச நாளில் நல்ல கண்ணையும் கூட இழுத்துக்கொண்டு போகும். காந்தம் வைத்து எடுக்க வேண்டும். அது மதராஸ் கண்ணாஸ்பத்திரியில்தான் இருக்கிறது. சீக்கிரம் போங்கள்."

சீக்கிரம் எப்படிப் போவது? அந்த வாரம் பெய்த மழையில் ஆறுகள் பெருகி ரயில் பாதையை அறுத்துவிட்டன. மதராஸ் மெயில் ஓடவில்லை. கண் அசையாமல் இருக்க இரண்டு கண்ணையும் கட்டி இவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பட்டறைத் துரைதான் யாரிடமோ பேசி, தபால் கொண்டு போகிற ஏரோப்பிளானில் இரண்டு இடம் வாங்கினார். ஒன்று இவருக்கு. இன்னொன்று கூடப் போகிற குமாஸ்தாவுக்கு.

குமாஸ்தா வாலாஜா பக்கத்து ஆள். முதல் நாள் என்னிடம் வந்து நிறைய பேசினார்.

"நீ அழாதம்மா. நான் கூட்டிகினு போறேன். நீ வந்தா கீழ பாத்த ஒடனே மயக்கம் போட்டு உழுந்துடுவே. அதெல்லாம் பொம்பளைக்கு ஆவாத வேலை."

மறுநாள் காலை ஏரோப்பிளான் மைதானத்துக்கு வந்தோம். அந்த வண்டி வாலைத் தரையில் வைத்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, எழுந்திருக்கப் போகிற மாடு மாதிரி நின்றது. விசிறியை முடுக்கினார்கள். எங்கள் மேல் புழுதி அடித்தது. குமாஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தாலருந்தே ஒரு மாதிரியா கீது," என்றார்.

"அப்படி ஓரமா ஒக்காருங்க. ஆம்பளைக்கு ஆவற வேலையா பாத்து செய்யுங்க," என்றேன்.

வழியனுப்ப வந்திருந்த துரை என்னைப் பார்த்தார். நான் இவருடைய கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். மாற்றுத் துணிகூட இல்லை. உள்ளே நுழைந்தால் தரை மேடாகப் போகிறது. முன் இடத்துக்கு மலை ஏறுகிற மாதிரிதான் ஏறிப் போக வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை.

"படி இல்லாத மலை பாவா, பாத்து வா," என்றேன்.

படியில் படித்த எழுத்து

மலை என்றதும் இதைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது திருத்தணி மலையடிவாரத்தில். எங்கள் நைனாவுக்குப் படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் மஞ்சள், குங்குமம், கற்பூரக் கடை. வேண்டுதல் உள்ளவர்கள் எங்களிடம்தான் வாங்குவார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே மேலே போவார்கள். முந்நூற்று அறுபத்தைந்து படி. குனிந்த இடுப்பு நிமிர மறுநாள் ஆகும்.

எனக்குத் தெரிந்த நாலு எழுத்தும் அந்தப் படியில் கற்றதுதான். படி கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டியிருப்பார்கள். யாராவது மஞ்சள் பூசிப் போனால் வெட்டின பள்ளத்தில் மஞ்சள் நின்று எழுத்து பளிச்சென்று தெரியும். விரலை விட்டு அதன் மேலேயே இழுத்துப் பார்ப்பேன். "மு" எந்தப் படியில் இருக்கிறது, "க" எந்தப் படியில் இருக்கிறது என்று காலுக்கே தெரியும். பள்ளிக்கூடம் போகவில்லை என்று யாரும் என்னைக் குறைவாகப் பேச விட்டதில்லை. என் எழுத்துக்குக் கல்லே சாட்சி.

அப்படி வளர்ந்தவள் செய்யக்கூடாத தப்பு ஒன்றை அன்றைக்குச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

செருப்பைக் கழற்று

வழி நெடுக நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரிய ஆறு ஒன்று, டீத் தண்ணி நிறத்தில், எது ஆறு எது வயல் என்று தெரியாமல் பரந்து கிடந்தது. ரயில் பாதை அதற்குள் இறங்கிக் காணாமல் போய் அந்தப் பக்கம் எழுந்தது. அதைச் சொன்னதும் என் கையை இன்னும் இறுக்கினார். ரயிலுக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

வெயில் ஏறினபோது ஏரோப்பிளான் கடல் மேலே சாய்ந்து திரும்பியது. மதராஸ் வந்தது. துறைமுகம் இரண்டு கையைக் கடலில் நீட்டியிருந்தது. கோர்ட்டுக் கட்டடம் மிளகாய்ப் பழ நிறத்தில். நீள மணல். விசாகப்பட்டணம் மாதிரி மலை சூழ்ந்த ஊர் இல்லை, தாம்பாளம் மாதிரி தட்டையான ஊர்.

அந்தத் தட்டையைத் தாண்டினதும் ஒரு மலை எழுந்தது. சின்ன மலைதான். உச்சியில் வெள்ளைக் கோயில். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் படிக்கட்டு, வகிடு எடுத்த மாதிரி. கீழே ஒரு குளம். குளத்தைச் சுற்றி வீடுகள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

திருத்தணியிலிருந்து மதராஸுக்கு ரயிலில் ரெண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் இந்த வண்டி போகிற வேகத்தில் அது என்ன தூரம்? வட்டம் அடிக்கிறது, அடிக்கிற வட்டத்தில் நம் ஊர் வரைக்கும் போய்த் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாவா, நம்ம மலை."

"எந்த மலை?"

"நம்ம மலைதான். படி தெரியுது. கோயிலு தெரியுது. கொளம் தெரியுது."

"நல்லா பாத்தியா?"

"மலைக்கு கீழ பொறந்தவளையே கேக்கிறியா?"

அவர் உடனே குனிந்தார். "செருப்பைக் கழட்டு. என்னுதையும் கழட்டு. சாமிக்கு மேல போறோம்."

நாலு செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் காலை இருக்கை மேலே தூக்கி மடித்துக்கொண்டோம். கட்டுப் போட்ட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி அவர் கும்பிட்டார்.

"முருகா, இவரு கண்ணைக் குடு. படிக்குப் படி மஞ்சா பூசறேன்," என்று வேண்டிக்கொண்டேன்.

"அரோகரா," என்றார் அவர், பட்டறையில் கூப்பிடுகிற குரலில். முன்னால் காகிதம் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் திரும்பி எங்களையும் மடியிலிருந்த செருப்பையும் பார்த்தார். ஏரோப்பிளானில் ஏதோ ஆபத்து என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இறங்கும்போது இவர் முகத்தில், கட்டுக்குக் கீழே தெரிந்த அந்தக் கொஞ்சத்தில், ஒரு தெளிவு இருந்தது. "இனிமே கவலை இல்ல கன்னிம்மா. சாமியே வழியில வந்து பாத்துட்டுது," என்றார்.

டிரைவர் காட்டிய மலை

வெளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி நின்றது. டிரைவர் அரக்கோணத்து சாயபு. எங்கள் பேச்சைக் கேட்டதும் நம் ஊர்ப் பக்கம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"திருத்தணியா? நம்ம மச்சான் அங்கதான் சைக்கிள் கடை வெச்சிகினு கீறாரு," என்று பேசிக்கொண்டே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையை வெளியே நீட்டினார். "இதாம்மா பரங்கிமலை. மேல மாதா கோயிலு. நீ பாத்ததில்லயே?"

பார்த்தேன். அதே மலை. அதே வகிடு. அதே வெள்ளை, அதன் உச்சியில் சிலுவை. கீழே அதே குளம்.

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வண்டிச் சத்தத்தில் இவருக்குச் சரியாக விழவில்லை. "இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"வழி சொல்றாரு பாவா."

மலைக்குக் கீழே பிறந்தவள் என்று அப்போதுதானே வாய் பேசினேன். நம் கோயிலுக்கு வெள்ளைச் சிலுவை ஏது, நம் மலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மலை இருக்குமே, அது எங்கே போயிற்று? இதெல்லாம் கீழே இறங்கினதும்தான் தோன்றியது. கேட்டதோ கண். சின்ன வேண்டுதலா? விலாசம் மாறின கடுதாசி திரும்பி வந்துவிடுமே, வேண்டுதல் என்ன ஆகும்?

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். அவர் மடியில் கை வைத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த நிம்மதியை எடுத்துவிட்டு அவரைக் கத்திக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. விழுங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று மேற்கே எது என்று சாயபுவைக் கேட்டு, திருத்தணி இருக்கிற திக்கைப் பார்த்து இன்னொரு தரம் அதே வேண்டுதலைச் சொன்னேன். முதலில் சொன்னதை வாபஸ் வாங்கலாமா என்று யோசித்தேன். அதற்கும் பயமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மூக்குத்தியில் கல் எங்கே

அன்று பிற்பகலே காந்தம் வைத்து எடுத்தார்கள். எடுத்ததைப் பஞ்சில் வைத்து என்னிடம் காட்டினார்கள். கறுப்புப் புள்ளி. எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும் அளவு.

"வெளியே வந்துவிட்டது. பார்வை இருக்கிறதா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும்," என்றார் பெரிய டாக்டர்.

பத்து நாள் கட்டுப் பிரிக்கவில்லை. அசையக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. நான் கஞ்சி ஊட்டினேன். அவர் ஏரோப்பிளான் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுவார். விசாகப்பட்டணத்து மலையிலிருந்து தொடங்குவேன். மூக்கு நீட்டின மலை, தகரக் கூரை, செந்தண்ணீர், வெள்ளைக் கரை. திருத்தணி மலை வந்ததும் எனக்கு இருமல் வந்துவிடும்.

பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமையாகச் சொல்லுவார்: "எங்க வூட்டுக்காரி மேலருந்தே மலைய அடையாளம் கண்டுட்டா." நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன்.

பதினோராம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. டாக்டர் நல்ல கண்ணைக் கையால் மூடி, அடிபட்ட கண்ணைத் திறக்கச் சொன்னார். நான் எதிரில் நின்றேன். இவர் இமை துடித்தது. தண்ணீர் வழிந்தது. திறந்து என்னையே பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூக்குத்தில ஒரு கல்லு இல்லியே, எங்க உட்டே?" என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். நிஜம்தான். ஏழு கல்லில் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா மூக்குத்திக் கல்லுக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

படிக்குப் படி

அதற்கப்புறம் திருத்தணி வந்தோம். நைனா காலமாகி அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பாளம் நிறைய மஞ்சள் குழைத்துக் கொடுத்தார். முதல் படியில் குனிந்தேன். கை போகவில்லை.

"இன்னா, மறந்துட்சா?" என்றார் இவர். பச்சைத் துணி ஒன்றை நெற்றியிலிருந்து கண்ணுக்கு நிழலாகத் தொங்கவிட்டிருந்தார்.

அந்த இடத்தில் பொய்யை வைத்துக்கொண்டு மஞ்சள் பூச முடியாது. சொல்லிவிட்டேன். வட்டம் அடித்தது, பரங்கிமலை, சாயபு, எல்லாம். சொல்லி முடித்ததும் இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"கடை வாசல்ல நின்னா மூக்க இடிக்கிற மலை. இது தெரியாதவ நம்ம வூட்டுப் பொண்ணா? வெளில சொல்லிடாத, யாவாரம் படுத்துடும்."

இவர் சிரிக்கவில்லை. தாம்பாளத்து மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாம கூப்பிட்டது இந்த சாமிய. அந்நேரம் எதிர்ல நின்னு கேட்டுகினு இருந்தது அந்த மலை. ரெண்டுல யாரு குடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அங்கயும் படி கீதா?"

"கீது."

"மச்சான், இன்னும் ரெண்டு சேர் மஞ்சா கட்டு," என்றார்.

அன்றைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படியும் முடித்தேன். அடுத்த வாரம் ரயிலேறிப் பரங்கிமலைக்குப் போனோம்.

நம் மலையில் பாதிகூட இருக்காது. நாலாவது படியில் மஞ்சள் பூசும்போது கோயில் காவல்காரர் ஓடி வந்தார். வயசானவர், கழுத்தில் ஜெபமாலை.

"யாரும்மா நீ? மாதா கோயில் படியில இன்னா பூசறே?"

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பை மடியில் வைத்தது வரைக்கும். அவர் இவருடைய பச்சைத் துணியைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார்.

"வந்துட்சா?"

"ஆங், வந்துட்சிங்க," என்றார் இவர்.

காவல்காரர் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்தார். "சாயங்காலம்தான் சாமியார் வருவாரு. அதுக்குள்ள நான் கழுவி உட்டுடறேன், நீ பூசு. கற்பூரம் மட்டும் வேணாம். மேல போயி மெழுகுவத்தி ஏத்திடு."

பூசினேன். ஒரு கல்லில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்து இல்லை. ஆனாலும் பள்ளத்தில் மஞ்சள் நின்றதும் அது பளிச்சென்று எழுந்தது. விரலால் ஒரு தரம் அதன் மேலே இழுத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போனேன்.

மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உச்சியில் கட்டைச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். தூரத்தில் கடல் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது.

"ஏரோப்பிளான் வருது," என்றார். "கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடு சொல்றேன். அன்னிக்கு நீ சொன்னே, நான் கேட்டேன். இன்னிக்கு நான் சொல்றேன்."

மூடினேன். அவர் தன்னுடைய நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வதை அதற்கு முன்னால் பார்த்துவிட்டேன்.

"வெள்ளி நெறம். சாஞ்சிகினு வருது. றெக்கையில வெயிலு அடிக்குது. ஜன்னலு வரிசையா தெரியுது கன்னிம்மா, ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது ஜன்னல்ல ஒரு பொம்பள நம்மளப் பாத்து கும்பிட்டுகினு போறா. மடியில செருப்பு வெச்சிகினு கீறா."

இரைச்சல் தலைக்கு மேலே வந்து கடந்து போயிற்று. நான் கண்ணைத் திறந்து சரி பார்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கையை மட்டும் தூக்கி, அவளுக்குப் பதில் கும்பிடு போட்டுவிட்டேன்.